விலங்கு வடிவ பிஸ்கட்டுகளை வீட்டில் சுடுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்டிக்கடையின் கண்ணாடிச் சாடியிலிருந்து எண்ணிக் கொடுக்கப்பட்ட பொம்மை பிஸ்கட்டை, முதலில் வாலையும் பிறகு காதையும் கடித்து, தலையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு தின்று வளர்ந்தவர்கள், தம் பிள்ளைகளுக்காக அதையே வீட்டில் செய்ய முயலும்போது எழுகிற கேள்விகள் இவை. இவற்றில் பெரும்பாலானவை சுவையைப் பற்றியவை அல்ல. வெண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் சேர்ந்தால் சுவை பெரும்பாலும் வந்துவிடும். உருவம் வருவதுதான் கடினம்.

தொடக்கநிலையில் உள்ளவர் நம்பிக்கையோடு பின்பற்றக்கூடிய அளவு எது?

மைதா 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், மிக்சியில் பொடித்துச் சலித்த சர்க்கரை 90 கிராம், பால் இரண்டு மேசைக்கரண்டி, பொடித்த ஏலக்காய் அரைத் தேக்கரண்டி அல்லது வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை. கடையில் கிடைக்கும் உப்பிட்ட வெண்ணெயைப் பயன்படுத்தினால் தனியாக உப்பு வேண்டியதில்லை. பேக்கிங் பவுடரும் சோடா உப்பும் இந்தப் பட்டியலில் இல்லாதது மறதியால் அன்று. அதற்கான காரணம் அடுத்த பதிலில் வருகிறது. ஆறு சென்டிமீட்டர் அச்சில் வெட்டினால் இந்த மாவில் ஏறத்தாழ 30 முதல் 35 பிஸ்கட்டுகள் கிடைக்கும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் ஒன்றாகும் வரை மட்டும் குழைத்து, பாலையும் ஏலக்காயையும் சேர்த்து, மைதாவைச் சலித்துப் போட்டு, விரல் நுனிகளால் திரட்ட வேண்டும். சப்பாத்தி மாவைப் போல் பிசையக் கூடாது. உதிராமல் ஒன்றாகத் திரண்டவுடன் நிறுத்திவிட வேண்டும். ஒரு கிண்ணத்தின் அளவு வீட்டுக்கு வீடு மாறும் என்பதால், இந்த வேலைக்கு மட்டுமாவது சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அச்சில் வெட்டும்போது யானையாக இருப்பது ஓவனிலிருந்து வெளிவரும்போது உருவமற்ற மேகமாகி விடுகிறதே, ஏன்?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இங்கே அன்றாடம் நடப்பதுதான். நான் முதன்முதலில் சுட்ட தட்டில் ஆறு யானைகளும் ஆறு கரடிகளும் இருந்தன. வெளியே வந்தவை பன்னிரண்டும் பன்றி என்று வீட்டில் ஒருமனதாகத் தீர்ப்பளிக்கப்பட்டது. அன்று செய்முறையைக் குறை சொன்னேன். உண்மையில் மாவு சூடாக இருந்ததே பிழை.

வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மாவிலுள்ள புரதம் இறுகி உருவம் நிலைபெறுவதற்கோ அதைவிட மிக அதிகமான வெப்பம் தேவை. ஆகவே தட்டு ஓவனுக்குள் சென்ற முதல் சில நிமிடங்களில், உருகி ஓடப் பார்க்கும் வெண்ணெய்க்கும் இறுகி நிற்கப் பார்க்கும் மாவுக்கும் இடையே ஒரு போட்டி நடக்கிறது. மாவு எவ்வளவு குளிர்ந்த நிலையில் உள்ளே செல்கிறதோ, ஓவன் எவ்வளவு முழுமையாகச் சூடேறி இருக்கிறதோ, அவ்வளவுக்கு விலங்கின் காதும் தும்பிக்கையும் தப்பிக்கும். அச்சில் வெட்டிய துண்டுகளைத் தட்டோடு பத்து முதல் பதினைந்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, விறைத்த நிலையிலேயே 170 டிகிரியில் முன்கூட்டிச் சூடாக்கிய ஓவனுக்குள் தள்ளுவது, வேறெந்த உத்தியையும்விட அதிகப் பலன் தரும். முதல் தட்டு நன்றாக வந்து இரண்டாவது தட்டு பரவிவிட்டது என்று பலர் குழம்புவதுண்டு. இறக்கிய சூடான தட்டிலேயே அடுத்த துண்டுகளை அடுக்கியிருப்பார்கள். துண்டுகள் ஓவனைக் காணும் முன்பே வெண்ணெய் உருகத் தொடங்கியிருக்கும்.

குளிருக்கு அடுத்த காரணம் சர்க்கரை. பெரிய மணிகளாக உள்ள சர்க்கரை ஓவனில் கரைந்து மாவை இளக்கும். பொடித்த சர்க்கரையில் இந்தத் தொல்லை குறைவு. மூன்றாவது காரணம் காற்று. கேக்குக்குச் செய்வதுபோல வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்கும் வரை அடித்தால், உள்ளே புகுந்த காற்று சூட்டில் விரிந்து, கூர்மையான ஓரங்களை எல்லாம் மழுக்கிவிடும். பேக்கிங் பவுடரும் சோடா உப்பும் செய்வது அதே வேலையைத்தான். மெத்தென்ற பிஸ்கட் வேண்டுமென்றால் அவற்றைச் சேர்க்கலாம். மானின் கொம்பு வேண்டுமென்றால் சேர்க்கக் கூடாது.

இதற்கு நேர்மாறாக, பிஸ்கட் பரவாமல் சுருங்கிவிட்டது என்றால், முதலை குட்டையாகி உடும்பைப் போல் ஆகிவிட்டது என்றால், மாவை அதிகம் பிசைந்துவிட்டீர்கள் என்று பொருள். பிசையப் பிசைய மைதாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இழுவிசை பெற்று, தேய்த்த மாவைப் பின்னோக்கி இழுக்கும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஓய்வு கொடுத்தால் ஓரளவு தளரும்.

சென்னை, மதுரை போன்ற ஊர்களின் கோடையில் மாவு கையிலும் கட்டையிலும் ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

அறையின் வெப்பமே வெண்ணெய் உருகும் வெப்பத்தைத் தாண்டி நிற்கும்போது, குளிர்நாட்டுச் செய்முறைகள் சொல்லும் ‘அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்’ என்ற சொற்களுக்கு நம் ஊரில் பொருளே இல்லை. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் பளபளப்பாக ஒட்டக் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கிய வெண்ணெய் கோடையில் சில நிமிடங்களிலேயே இந்த நிலைக்கு வந்துவிடும்.

பலரும் மாவை உருண்டையாகத் திரட்டி ஃப்ரிட்ஜில் வைத்து, கல்லாக இறுகிய பின் எடுத்துத் தேய்க்கப் பாடுபடுகிறார்கள். தேய்த்து முடிக்கும்போது குளிர்ச்சி போய்விடுகிறது. வரிசையை மாற்றுங்கள். திரட்டிய உடனேயே மாவை இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவில் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, அந்தத் தாள்களோடு ஒரு தட்டில் கிடத்தி, முப்பது நாற்பது நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தட்டையாக இருப்பதால் சீராகவும் விரைவாகவும் குளிரும். தாளுக்குள் இருப்பதால் ஒட்டாது. ஒட்டாததால் உலர்ந்த மாவைத் தூவித் தூவிப் பிஸ்கட்டை வறண்டதாக்கும் நிலையும் வராது. மாவைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வெட்டும்போது மறுபாதியை உள்ளேயே வைத்திருப்பது நலம். அதிகாலையில் தொடங்குவதும் உதவும். மின்விசிறிக்கு அடியில் வேலை செய்வதால் மாவு குளிராது, மேற்பரப்பு காய்ந்து வெடிக்கத்தான் செய்யும்.

தடிமன் எங்கும் ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டராக இருக்க வேண்டும். கண்ணளவில் நம்பிக்கை இல்லையென்றால், அந்த உயரமுள்ள இரண்டு மரச்சட்டங்களை மாவின் இருபுறமும் வைத்து, அவற்றின் மேல் கட்டையை உருட்டலாம்.

கடையில் விற்கும் பிஸ்கட்டில் கண், பிடரி, ரோமம் வரை கோடுகள் தெளிவாக இருக்கின்றன. வீட்டில் செய்வதில் ஏன் வருவதில்லை?

ஆலையில் செய்யும் அத்தகைய பிஸ்கட் வேறு இனம். அதில் கொழுப்பும் சர்க்கரையும் குறைவு, மாவு கெட்டியானது, சுழலும் உருளையில் செதுக்கிய அச்சு அதை அழுத்தி வெட்டுகிறது. கொழுப்பு குறைந்ததால் கோடுகள் நிற்கின்றன, அதனால்தான் அது வாயில் கரையாமல் மொறுமொறுக்கிறது. நாம் வீட்டில் செய்வது வெண்ணெய் நிறைந்த குக்கீ. இரண்டையும் ஒரே பிஸ்கட்டில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அழுத்துக்கோடுகள் உள்ள அச்சுதான் வேண்டுமென்றால், மேலே சொன்ன அளவில் வெண்ணெயை 100 கிராமாகவும் சர்க்கரையை 75 கிராமாகவும் குறைத்து, மாவு திரளும் அளவுக்குப் பாலைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். கோடுகளை மெல்லியதாக அன்றி ஆழமாக அழுத்துங்கள்; பாதி ஆழம் ஓவனில் போய்விடும்.

ஆலை பிஸ்கட்டில் காணும் சிறு துளைகள் அழகுக்கானவை மட்டும் அல்ல. சூட்டில் உண்டாகும் நீராவி வெளியேறாவிட்டால் நடுவில் கொப்புளம் எழும். வீட்டில் பல்குச்சியால் கண்ணையும் மூக்கையும் அடிவரை குத்திவிட்டால் அலங்காரமும் ஆயிற்று, ஆவிக்கு வழியும் ஆயிற்று.

எந்த விலங்குகளின் அச்சுகளை வாங்குவது புத்திசாலித்தனம்?

உருவம் தடித்த விலங்குகளை வாங்குங்கள். யானை, கரடி, முயல், ஆமை, திமிங்கிலம், பக்கவாட்டில் உட்கார்ந்த பூனை ஆகியவை ஏறத்தாழ எப்போதும் நன்றாக வரும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து, குதிரையின் நான்கு தனித்தனிக் கால்கள், குரங்கின் சுருண்ட வால் ஆகியவை அச்சிலிருந்து எடுக்கும்போதே பாதி உடையும். கால்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த இழப்பு குறையும். தகரத்தைவிட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அச்சு துருப்பிடிக்காது. பிளாஸ்டிக் அச்சு பிள்ளைகளின் கைக்குப் பாதுகாப்பானது, ஆனால் விளிம்பு அவ்வளவு கூர்மையாக வெட்டாது.

அச்சே இல்லாதவர்கள் ஒரு தடித்த அட்டையில் விலங்கை வரைந்து வெட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, குளிர்ந்த மாவின் மேல் வைத்துச் சிறு கத்தியின் நுனியால் சுற்றி வெட்டலாம். வட்டமான டப்பா மூடிகளைக் கொண்டே கரடி முகத்தையும் பன்றி முகத்தையும் ஆந்தையையும் அமைத்துவிடலாம். சிங்கத்தின் பிடரிக்கும் ஆட்டின் கம்பளிக்கும் நம் சமையலறையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது: இடியாப்ப அச்சு. சிறிதளவு மாவில் சில சொட்டுப் பால் விட்டு இளக்கிப் பிழிந்து, அந்த இழைகளை வெட்டிய துண்டின் மேல் ஒட்டினால், விலை கொடுத்து வாங்கும் எந்த அச்சும் தராத உருவம் கிடைக்கும்.

உடல் வேகும் முன்பே வாலும் காலும் கருகிவிடுகின்றனவே?

மெல்லிய பகுதியில் ஈரம் விரைவில் வற்றிவிடுவதால் அது முதலில் சிவக்கிறது. எறும்பையும் யானையையும் ஒரே தட்டில் சுடாதீர்கள்; ஒத்த அளவுள்ளவற்றை ஒரு தட்டில் அடுக்குங்கள். தட்டின் ஓரம் நடுவைவிடச் சூடு மிகுந்தது என்பதால், கால்களும் வால்களும் தட்டின் நடுவை நோக்கியும் பருத்த உடல்கள் ஓரத்தை நோக்கியும் இருக்குமாறு வையுங்கள். ஓடிஜி என்னும் சிறிய மின் ஓவனில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் இயக்கி, நடுத்தட்டில் வைத்து, ஏழாவது நிமிடத்தில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். அடி மட்டும் கருகினால் ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டை அடுக்கிச் சுடலாம்.

மொத்தம் பதினொன்று முதல் பதின்மூன்று நிமிடம் போதும். ஓரம் பொன்னிறமாகும்போது நடுப்பகுதி இன்னும் மென்மையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து வேகவில்லை என்று மேலும் ஐந்து நிமிடம் வைப்பவர்களே அதிகம் கருக்குகிறார்கள். தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டுவைத்தால் இருக்கிற சூட்டில் வெந்து இறுகிவிடும். சூடாக இருக்கும்போது எடுத்தால் கழுத்து முறியும்.

ஓவன் இல்லை. குக்கரிலோ மைக்ரோவேவிலோ செய்ய முடியுமா?

சூடான காற்றைச் சுழலவிடும் கன்வெக்‌ஷன் வசதி உள்ள மைக்ரோவேவில், அந்த முறையில் மட்டும், 160 டிகிரியில் செய்யலாம். வெறும் மைக்ரோவேவ் பயன்படாது. குக்கரைப் பொறுத்தவரை, அடிகனத்த பழைய பாத்திரம் ஒன்றில் மணல் அல்லது கல்லுப்பு பரப்பி, தாங்கி ஒன்றை வைத்து, பத்து நிமிடம் சூடாக்கி, அதன் மேல் தட்டை இறக்கி மூடி, சிறுதீயில் இருபது இருபத்தைந்து நிமிடம் வைப்பதே வழக்கம். குக்கரையே பயன்படுத்தினால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீரில்லாமல் தொடர்ந்து சூடாக்கினால் பாத்திரம் கெடும் என்பதால் அன்றாடம் சமைக்கும் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். இம்முறையில் நான்கட்டாய் நன்றாக வரும். விலங்கு உருவம் அவ்வளவு நன்றாக வராது, ஏனென்றால் சூடு மெதுவாக ஏறுவதால் வெண்ணெய் ஓட அதிக நேரம் கிடைக்கிறது. தடித்த வடிவங்களையே வெட்டி, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து முயன்று பாருங்கள்.

வெண்ணெய்க்குப் பதிலாக நெய்யோ வனஸ்பதியோ தேங்காய் எண்ணெயோ சேர்க்கலாமா?

வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீரும் பாலின் திடப்பொருளும் உள்ளன. நெய்யில் ஏறத்தாழ முழுவதும் கொழுப்பே. ஆகவே 125 கிராம் வெண்ணெய்க்கு 100 கிராம் உறைந்த நெய்யும் கூடுதலாக ஒரு மேசைக்கரண்டிப் பாலும் சரியாக இருக்கும். மணம் சிறப்பு, ஆனால் பிஸ்கட் பொலபொலவென உதிரும் தன்மை பெறுவதால் மெல்லிய கால்கள் நிற்கா. வனஸ்பதி உருகும் வெப்பம் கூடுதல் என்பதால் உருவம் காப்பதில் வெண்ணெயைவிடத் திறமையானதுதான், வாயில் மெழுகுபோல் படிவது அதன் குறை. அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 தொடக்கம் முதல் இந்தியாவில் நூற்றுக்கு 2 என்ற உச்சவரம்பு உள்ளது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உருகிவிடும். மார்கழிக் காலையில் தவிர அதை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கோதுமை மாவு, கேழ்வரகு, நாட்டுச் சர்க்கரை?

கோதுமை மாவு அதிக நீரை உறிஞ்சும். பாதி மைதா, பாதி கோதுமை என்று கலந்து ஒரு மேசைக்கரண்டிப் பால் கூட்டினால் உருவம் கெடாது. கேழ்வரகில் குளூட்டன் இல்லை, ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் உடையும். அதன் நிறம் மட்டும் கரடிக்கும் யானைக்கும் இயல்பாகவே பொருந்திவிடுகிறது. நாட்டுச் சர்க்கரை ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. உலர்ந்ததாக வாங்கிச் சலித்துப் போட்டாலும் பிஸ்கட் சற்றுப் பரவும், விரைவில் நமுக்கும்.

நிறமும் கண்ணும் எப்படி அமைப்பது?

கண்ணுக்குக் கருப்பு எள்ளைச் சுடும் முன்பே பதித்துவிடலாம். பழுப்பு நிறத்துக்கு, மைதாவில் 25 கிராமைக் குறைத்து அதே அளவு கோகோ சேர்த்தால் போதும். மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை சிங்கத்துக்கு நல்ல நிறம் தரும், ஆனால் மாவில் சோடா உப்பு இருந்தால் அந்த மஞ்சள் செம்மையாகிவிடும். குங்குமம் செய்யும் வேதியியலும் இதுதான். பீட்ரூட் நிறம் ஓவனில் மங்கிவிடுவதால் அதை ஐசிங்குக்கு, அதாவது சுட்டபின் மேலே பூசும் சர்க்கரைக் குழைவுக்கு, வைத்துக்கொள்ளுங்கள்.

ஐசிங்குக்கு 100 கிராம் ஐசிங் சர்க்கரையில் மூன்று தேக்கரண்டிப் பாலை விட்டுக் குழைத்தால் போதுமானது. முட்டை வெண்கரு அடித்துச் செய்யும் ராயல் ஐசிங் இன்னும் கெட்டியாகக் காயும். வேகாத முட்டை என்பதால் சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் அது உகந்ததன்று. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் எந்த ஐசிங்கும் எளிதில் காயாது. பிஸ்கட் முற்றிலும் ஆறிய பின் பூசி, ஓர் இரவு முழுவதும் ஏசி அறையிலோ மின்விசிறிக்கு அடியிலோ விட்டு, ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்த நிறத்தைத் தொட வேண்டும். இல்லையேல் வரிக்குதிரை சாம்பல் கழுதையாகும்.

விலங்கு வடிவத்தில் பிஸ்கட் செய்யும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவில் செதுக்கிய மர அச்சில் மாவை அழுத்தி உருவம் எடுக்கும் வழக்கம் பழையது. நெதர்லாந்தில் டிசம்பர் தொடக்கத்தில் வரும் புனித நிக்கோலஸ் விழாவை ஒட்டி உண்ணும் ஸ்பெகுலாஸும், தென்ஜெர்மனியில் சோம்பு மணத்தோடு செய்யும் ஸ்பிரிங்கர்லேயும் அவ்வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து விலங்கு பிஸ்கட்டுகள் அமெரிக்காவுக்குச் சென்றன. நேஷனல் பிஸ்கட் நிறுவனம் 1902-இல் பார்னம் சர்க்கஸின் பெயரில் வண்டிக்கூண்டு போன்ற ஒரு சிறு பெட்டியில் அவற்றை விற்றது. விலை 5 சென்ட். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவதற்காகப் பெட்டியில் ஒரு நூல் கைப்பிடியும் இருந்தது. விலங்குரிமை அமைப்பான பீட்டாவின் வேண்டுகோளுக்குப் பிறகு, 2018-இல் அந்தப் பெட்டியின் ஓவியத்திலிருந்து கூண்டுக் கம்பிகள் நீக்கப்பட்டு, விலங்குகள் புல்வெளியில் நடப்பதாக மாற்றி வரையப்பட்டன.

விலங்கைத் தின்பண்டமாக வார்ப்பது நம் பக்கத்துக்கும் புதிதன்று. கர்நாடகத்தில் சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் கலந்த பண்டத்தோடு பரிமாறிக்கொள்ளும் சக்கரை அச்சு, மர அச்சுகளில் சர்க்கரைப் பாகை ஊற்றி எடுக்கப்படுவது. அவற்றில் விலங்கு, பறவை உருவங்கள் உண்டு.

குழந்தைகளையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்த்துக்கொள்ளாவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு? வெட்டுவதையும் எள் பதிப்பதையும் அவர்களிடம் விடுங்கள். பிள்ளைகளின் கைச்சூட்டில் மாவு இளகுவதால் சிறு சிறு பங்காக ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுங்கள். பச்சை மாவைத் தின்ன மட்டும் விடாதீர்கள். முட்டை சேர்க்காத மாவு பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள். மைதாவும் வேகவைக்காத பொருளே. அமெரிக்காவில் 2016-இல் கோதுமை மாவின் வழியாகவே ஈ-கோலி என்ற பாக்டீரியாவின் தொற்று பரவியது. வெள்ளிக் குண்டுமணி அலங்காரங்களும் முழு முந்திரியும் பாதாமும் சிறு குழந்தைகளின் தொண்டையில் சிக்கக்கூடியவை. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த பண்டம் எதுவும் வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அந்தக் குழந்தை அச்சை வைத்து விளையாடட்டும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? மழைக்காலத்தில் நமுத்துப் போகிறதே?

முற்றிலும் ஆறிய பிறகே காற்றுப் புகாத டப்பாவில் அடுக்க வேண்டும். வெதுவெதுப்பாக அடைத்தால் உள்ளே வியர்த்து, அன்றே மொறுமொறுப்புப் போய்விடும். ஐசிங் இல்லாதவை இரண்டு வாரம் நன்றாக இருக்கும். அடுக்குகளுக்கு இடையே பட்டர் பேப்பர் வைப்பது காதுகளையும் கொம்புகளையும் காக்கும். நமுத்தவற்றை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி ஆறவிட்டால் மீண்டும் மொறுமொறுப்பாகும்; ஐசிங் பூசியவற்றுக்கு இது பொருந்தாது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சுட்டு அடுக்கி வைப்பதைவிட, வெட்டிய துண்டுகளைச் சுடாமலே ஃப்ரீசரில் விறைக்கவிட்டு, பிறகு ஒரு டப்பாவில் இடையிடையே தாள் வைத்து அடுக்குவது மேல். ஒரு மாதம் வரை கெடாது. வேண்டும்போது எட்டோ பத்தோ எடுத்து, உறைபனி இளகும் முன்பே ஓவனில் வைத்து, வழக்கத்தைவிட ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும்.